பதில்: தாத்தா பெயர் ஒவ்வொரு பேப்பரிலும் ஒவ்வொரு மாதிரி

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் சொந்தங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

பெர்த்தில் இருக்கும் தங்கச்சி, தன் தாத்தா பெயர் ஒவ்வொரு பேப்பரிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறதே, என்ன செய்வது என்று போன வாரம் கேட்டதற்குத் தனியாகப் பதில் போடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அதற்குக் கீழே வந்த மடல்களைப் பார்த்தால் இந்தத் தலைவலி பாதிப் பேருக்கு இருக்கிறது. ஓ.சி.ஐ. அட்டைக்கு (இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டைக்கு) மனுப் போட்டவர்களுக்கு இன்னும் அதிகம். தங்கச்சியுடைய அப்பாவின் சூராட் பெரானாவில் (பிறப்புப் பத்திரத்தில்) தாத்தா சுப்பிரமணியன், ஐ.சி.யில் (அடையாள அட்டையில்) சுப்ரமணியம், மரணப் பத்திரத்தில் வெறும் சுப்பையா. மூவரும் ஒரே ஆள்தான் என்பது நமக்குத் தெரியும், கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெரியாது.

இதில் நான் பிடித்துக்கொண்ட வழி இதுதான்: எழுத்துக்கூட்டல் ஏன் மாறியது என்று மண்டையை உடைத்துக்கொள்ளாமல், அந்தப் பேப்பரில் பேனா பிடித்தவர் யார் என்று முதலில் பார்ப்பது. நம் தாத்தா பாட்டிகள் தங்கள் பெயரைத் தாங்களே ஆங்கிலத்தில் எழுதவில்லை. அவர்கள் வாயால் சொன்னார்கள், வேறொருவர் தன் காதுக்குக் கேட்டதை எழுதினார். ரப்பர் தோட்டத்து ஆபீசில் இருந்த கிராணிமாரில் (கணக்கு எழுதுகிறவர்களில்) யாழ்ப்பாணத்துக்காரர்களும் மலையாளிகளும் அதிகம். பிறப்பைப் போய்ப் பதிந்தவர் பல இடங்களில் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் (மருந்து கட்டுகிறவர்). பிற்பாடு ஐ.சி. எழுதியவர் மலாய்க்காரராகவோ சீனராகவோ இருக்கலாம். ஒவ்வொருவருக்கும் ஒரு பழக்கம் உண்டு. ஒரே கிராணி எழுதிய நாலைந்து பேப்பர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லெட்சுமிக்கு நடுவில் ஒரு 'டி' செருகுகிறவர் லெட்சுமணனுக்கும் அதைச் செருகியிருப்பார். ஆளைப் பிடித்துவிட்டால் அடுத்த பெயரை எப்படி எழுதியிருப்பார் என்று ஊகிக்கலாம்.

பழனியாயி என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் அப்பாயியும் (அப்பாவின் அம்மா) ஒரு பழனியாயிதான். லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) யாரும் ழகரத்தைச் சுத்தமாகச் சொன்னதில்லை, 'பளனியாயி'தான். மலையாளக் கிராணியாக இருந்தால் 'இசட் எச்' போட்டு எழுதியிருப்பார், மற்றவர்கள் 'எல்' போட்டார்கள். அடுத்த பேப்பரைப் பார்த்து எழுதிய குமாஸ்தா கடைசி எழுத்துகளை விட்டுவிட்டார், அப்பாயி 'பலானி' ஆனார், பார்க்கிறவருக்கு ஆம்பிளைப் பெயர். ஆகவே தேடும்போது ஒரே எழுத்துக்கூட்டலைத் தட்டிவிட்டு 'இல்லை' என்று வந்ததும் கணினியை மூடிவிடாதீர்கள். வகரத்துக்கு 'வி', 'டபிள்யூ' இரண்டும், சகரத்துக்கு 'எஸ்', 'சி', 'சி எச்' மூன்றும், ககரத்துக்கு 'கே', 'ஜி' இரண்டும் போட்டுப் பாருங்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் இதில் ஒரு தனிக் கதை இருக்கிறது. 1948 ஜூன் 16 அன்று நம்மூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று துரைமார்கள் (வெள்ளைக்காரத் தோட்ட அதிகாரிகள்) கம்யூனிஸ்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டு நாளில் அவசர காலம் அறிவிக்கப்பட்டது. அதைத் தொடர்ந்துதான் 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாரையும் பதிவு செய்து, படமும் கைரேகையும் வைத்து அடையாள அட்டை கொடுத்தார்கள். தோட்டத்து ஜனங்கள் பலருக்கு வாழ்க்கையில் கையில் கிடைத்த முதல் அரசாங்கப் பேப்பர் அதுதான். கம்யூனிஸ்டுகளைப் பிடிக்க வந்த ஏற்பாடு நம் பாட்டன்மாரின் பெயரை ஒரு எழுத்துக்கூட்டலில் பூட்டிவைத்துவிட்டது. வயதும் அன்றைக்குக் குத்துமதிப்பாகச் சொன்னதுதான், அதனால் பிறந்த ஆண்டு நாலைந்து வருஷம் முன்னே பின்னே இருந்தால் வேறு ஆள் என்று தள்ளிவிட வேண்டாம்.

அட்டை எண்தான் பெயரை விட உறுதியானது. 1990-இல் 12 இலக்க எண் வந்தது. அதில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், பேராக் என்றால் 08. அதற்கு முந்திய பழைய ஐ.சி. எண்ணையும் எங்கே கண்டாலும் குறித்துக்கொள்ளுங்கள். 1951-இல் தொடங்கிய ஈ.பி.எஃப். (தொழிலாளர் சேமநிதி) கடிதம், தோட்டத் தொழிலாளர் சங்கக் கார்டு என்று தகரப் பெட்டிக்குள் கிடப்பதையெல்லாம் இறக்கிப் பாருங்கள். எழுத்து வேறாக இருந்து எண் ஒன்றாக இருந்தால் அதை விட நல்ல சாட்சி கிடையாது.

இனி நான் தங்கமாக மதிக்கும் பேப்பருக்கு வருகிறேன்: தமிழ்ப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்டம் பள்ளிக்கூடம் நடத்த வேண்டும். அந்த ஆசிரியர்கள் பதிவேட்டைத் தமிழில் எழுதினார்கள். இங்கே ழகரம் ழகரமாகவே நிற்கும். எங்கள் அப்பாவின் வரியை நான் பார்த்தேன். ஊதா மையில், தகப்பனார் பெயர் ராமசாமி, தொழில் பால்வெட்டு (ரப்பர் மரம் சீவுவது), நாலாம் நம்பர் லயம். அதற்கு ஆறு வரி கீழே சித்தப்பா. அதே லயம், அதே தொழில், தகப்பனார் பெயர் மட்டும் சின்னப்பன். தாத்தா வீட்டுக்குக் கடைசிப் பிள்ளை, வீட்டில் சின்னப்பன் என்று கூப்பிட்டார்கள். சித்தப்பாவைப் பள்ளியில் சேர்க்கக் கூட்டிப்போன பெரியாயி வாயில் வந்த பெயரைச் சொல்லிவிட்டார். சித்தப்பா சாகும்வரை சின்னப்பன் மகன்தான். அவர் பிள்ளைகளுக்கும் எங்களுக்கும் பேப்பரில் ஒட்டுமில்லை உறவுமில்லை.

ஆகவே பட்டப்பெயர், கூப்பிடும் பெயர் எல்லாவற்றையும் ஊரில் மிச்சமிருக்கும் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இது அவசரம், அவர்கள் நமக்காகக் காத்திருக்கப் போவதில்லை.

இந்தியப் பக்கம் போவது இதைவிடக் கடினம். பிஜிக்கும் நேட்டாலுக்கும் ஒப்பந்தக் கூலியாகப் போனவர்களுக்கு ஆளுக்கொரு பதிவு உண்டு, தகப்பன் பெயர், ஊர், சாதி எல்லாம் அதில் இருக்கும். மலாயாவில் ஒப்பந்த முறை 1910-இல் ஒழிந்தது. நம் ஆட்களில் பெரும்பாலோர் கங்காணி (ஆள்சேர்த்து வேலை வாங்கும் மேஸ்திரி) கூட்டி வந்தவர்கள், அவர்களுக்கு அப்படி ஆளுக்கொரு பதிவு கிடையாது. ஆனால் அதுவே ஒரு துப்பு. கங்காணி தன் ஊரிலும் சொந்தத்திலும் அக்கம்பக்கத்திலும்தான் ஆள் சேர்த்தார். உங்கள் தாத்தாவின் பேப்பரில் ஊர் இல்லையா, அதே கங்காணியின் கீழே பெரட்டில் (காலையில் ஆள்கணக்கு எடுக்கும் வரிசையில்) நின்ற அடுத்த வீட்டுக்காரரின் பேப்பரைப் பாருங்கள். அதில் 'முசிறி தாலுகா' என்று இருந்தால் உங்களுக்கும் அந்தப் பக்கமாகத்தான் இருக்கும். தாலுகா, ஜில்லா எல்லாம் இன்றைய வரைபடத்தில் அப்படியே இருக்காது. அன்று முசிறி தாலுகாவில் இருந்த துறையூர் இன்று தனித் தாலுகா. அன்றைய தென்னாற்காட்டில் இருந்த விழுப்புரம் 1993-லிருந்து தனி மாவட்டம். குலதெய்வத்தின் பெயரையும் விட்டுவிடாதீர்கள், அதை எந்தக் கிராணியும் எழுதிக் கெடுக்கவில்லை. வீரப்பூர் பொன்னர் சங்கர் என்று வீட்டில் சொல்லிக் கும்பிட்டால் மணப்பாறை வட்டாரத்திலிருந்து தேட ஆரம்பிக்கலாம்.

எல்லார் வீட்டிலும் தாத்தா 'ரஜூலா கப்பலில்' வந்தார் என்பார்கள். ரஜூலா 1926-இல்தான் ஓட ஆரம்பித்தது, 1973 வரை ஓடியது. தோட்டக் கூலிகளை ஆள்பிடித்து அனுப்புவதை இந்திய அரசு 1938-இல் நிறுத்திவிட்டது. உங்கள் தாத்தா கங்காணியோடு வந்தவர், கப்பலும் நிஜமாகவே ரஜூலா என்றால், இடையில் உள்ள பன்னிரண்டு வருஷத்தைத் தேடினால் போதும். கப்பல் பெயரை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்கில் இறங்கிய எல்லாருக்கும் வாயில் வருவது அந்தப் பெயர்தான்.

கிராணியைத் திட்டிக்கொண்டே நாமும் இன்று அதே வேலையைத்தான் செய்கிறோம். நம் மலேசியப் பாஸ்போர்ட்டில் பெயர் ஒரே வரி, குடும்பப் பெயருக்கென்று தனிக் கட்டம் கிடையாது. வெளிநாட்டுப் பாரம் அதைக் கேட்டதும் அப்பா பெயரைப் போட்டுவிடுகிறோம். நம் பிள்ளைக்கும் அதுவே போகிறது, பேரனுக்கும் போகும். விமான டிக்கெட்டில் சாய்கோடு ஏறாது, அதனால் 'ஏ எல்' என்ற இரண்டெழுத்து (நடுவில் சாய்கோடு போட்டு 'இன்னார் மகன்' என்பதற்கு மலாய்ச் சுருக்கம்) அப்பா பெயரோடு ஒட்டி, யாருக்கும் தெரியாத புதுப் பெயர் ஒன்று பிறக்கிறது. இந்தக் குழுவிலேயே ஒரு தாத்தாவின் பேரப்பிள்ளைகள் மூன்று நாட்டில் மூன்று குடும்பப் பெயரோடு இருக்கிறார்கள். அறுபது வருஷம் கழித்துத் தேடப் போகிறவர்களை நினைத்து, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தோடு ஒரு தாளில் முழுப் பெயர்களைத் தமிழில் எழுதி வையுங்கள்.

அரசாங்கக் காரியத்துக்கு இவ்வளவும் வேண்டாம். 'இந்தப் பெயரும் அந்தப் பெயரும் ஒரே ஆள்' என்று 1960 சட்டத்தின்படி ஒரு சூராட் அக்குவான் (சத்திய வாக்குமூலம்) எழுதி, சத்தியக் கமிஷனர் முன்னால் கையெழுத்துப் போட்டு, இருக்கிற பேப்பர்களைப் பின்னால் கோத்துக் கொடுப்பதுதான் வழக்கம். மனுப் போடும் ஆபீசில் அதை ஏற்றுக்கொள்வார்களா என்று முன்கூட்டியே கேட்டுவிட்டு, அப்புறம் காசு செலவழியுங்கள்.

தங்கச்சிக்கு ஒன்று. நீ அனுப்பிய அப்பாவின் சூராட் பெரானாவில் பிறப்பை அறிவித்தவர் பெயர் இருக்கும் கட்டம் மடிப்பில் மறைந்திருக்கிறது. மடிப்பை நீவி அதை மட்டும் இன்னொரு தடவை பெரிதாகப் படமெடுத்து அனுப்பு. ஹீவுட், டொவன்பி, கமுனிங் தோட்டத்து டிரசர், கிராணி குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், ஐம்பதுகளில் உங்கள் தாத்தா எந்தத் தோட்டத்தில் வேலை பார்த்தார் என்று குழுவுக்கு எழுதுங்கள். அந்தக் கையெழுத்தோடு சேர்த்துப் பார்க்கிறேன்.

அன்புடன்,
லீட்ஸிலிருந்து ஒரு நாலாம் நம்பர் லயத்துக்காரன்