சிம்பிள் கேலரி கைமாறிவிட்டது, இனி எதற்கு மாறலாம்?

கேள்வி:
அம்மா போனில் படம் பார்க்க ரொம்ப நாளாக சிம்பிள் கேலரி ப்ரோ செயலிதான். விளம்பரம் கிடையாது, இணைய அனுமதியே கேட்காது, அதற்காகவே காசு கொடுத்து வாங்கினேன். இது சேர்ந்த சிம்பிள் மொபைல் டூல்ஸ் செயலித் தொகுப்பை 2023 கடைசியில் ஸிப்போஆப்ஸ் நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்கள் என்று இப்போதுதான் தெரிந்தது. படங்களுக்கு ஏதாவது ஆகுமா?

பதில் 1:
ஆகாது. படங்கள் போனில்தான் இருக்கின்றன, செயலி அவற்றை எடுத்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். ஆனால் அதன் குப்பைத்தொட்டியில் கிடப்பவை செயலியோடு சேர்ந்து போய்விடும், நீக்குவதற்கு முன் வேண்டியதை மீட்டெடுத்துவிடுங்கள். பிளே ஸ்டோரில் அந்தச் செயலியின் பக்கத்துக்குப் போய், மேலே மூன்று புள்ளியைத் தொட்டு, புதிய உரிமையாளரின் மாற்றங்கள் தானாக வராதபடி தானியங்கி அப்டேட்டை இன்றே நிறுத்துங்கள்.

பதில் 2:
ஃபாசிஃபை கேலரி போடுங்க. பழைய நிரல், யாரும் எடுத்து மாற்றி வெளியிட அனுமதிக்கும் ஜிபிஎல் உரிமத்தில் இருந்ததால், விற்பனைக்குப் பிறகு பங்களிப்பாளர்கள் அதையே எடுத்து ஃபாசிஃபை என்ற பெயரில் தொடர்கிறார்கள். திறந்த மூலச் செயலிகளுக்கான எஃப்-டிராய்டு ஸ்டோரில் இலவசம், தோற்றமும் ஏறக்குறைய அதேதான், அம்மாவுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியிருக்காது.

பதில் 3:
உருவாக்கியவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. இத்தனை செயலிகளை வருடக்கணக்கில் தாங்குவது லேசான வேலையில்லை, விற்க அவருக்கு உரிமை உண்டு. ஆனாலும் எத்தனையோ பேர் சம்பளமில்லாமல் நிரலும் மொழிபெயர்ப்பும் கொடுத்த திட்டம் அது, அவர்களிடம் முதலிலேயே பேசியிருக்க வேண்டும், காசு கொடுத்து ப்ரோ வாங்கியவர்களுக்கும் செயலிக்குள்ளேயே ஒரு அறிவிப்பு வைத்திருக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. குப்பைத்தொட்டியைப் பார்த்துவிட்டு இன்று இரவே மாற்றிவிடுகிறேன்.