நெக் பைண்டிங் விலகுகிறது: செல்லுலாய்டா, ஏபிஎஸ்ஸா, மேப்பிளா?

ஆறுதந்தி:
வணக்கம். என்னிடம் 1970களில் ஜப்பானில் செய்த எலக்ட்ரிக் கிட்டார் ஒன்று இருக்கிறது. கிப்சன் கம்பெனியின் லெஸ் பால் வடிவம், ரோஸ்வுட் ஃபிரெட்போர்ட் (நெக்கின் மேல் விரல் அழுத்தும் பலகை), அதன் ஓரத்தில் ஒட்டிய கிரீம் நிறப் பட்டை, அதாவது பைண்டிங். கிட்டார் இருக்கும் அறையில் இரவு முழுக்க ஏசி ஓடும், பகலில் ஜன்னல் திறந்திருக்கும். சென்னைக் காற்று எப்படி என்று உங்களுக்கே தெரியும்.

பலகையில் குறுக்கே பதித்த ஃபிரெட் என்ற உலோகக் கம்பிகளில் 12ஆவதைத் தாண்டி, மெல்லிய தந்திப் பக்கம், பைண்டிங் மரத்தை விட்டு விலகி நிற்கிறது. நகம் நுழைகிறது. ஒவ்வொரு ஃபிரெட் முனைக்கும் நேராக மயிரிழை போல விரிசல். அந்தப் பக்கம் ஃபிரெட் முனைகளில் பச்சை படிந்திருக்கிறது. ஃபிரெட்டின் நடுவில் அப்படி இல்லை. ஃபிரெட் முனைகளை பைண்டிங்கே மூடியிருக்கும் பழைய கிப்சன் பாணி நெக் இது.

ஒருவர் ஃபெவிக்விக் விட்டு அழுத்தினால் போதும் என்கிறார். இன்னொருவர் முழுவதும் உரித்துவிட்டு ஏபிஎஸ் பிளாஸ்டிக் போடச் சொல்கிறார். மேப்பிள் மரமே போடு என்கிறார் நண்பர். நான் கட்டைவிரலை மேலே வளைத்து வாசிப்பவன், அதனால் ஓரம் கையில் எப்படி இருக்கும் என்பதுதான் எனக்கு முக்கியம். எதைத் தேர்வு செய்வீர்கள்?

மரத்தூள்:
பசை பாட்டிலை இப்போதைக்குத் திறக்க வேண்டாம். முதலில் அது என்ன பிளாஸ்டிக் என்று பாருங்கள். நெக் உடலோடு சேரும் இடத்தில், கண்ணுக்குத் தெரியாத மூலையில், பிளேடால் லேசாகச் சுரண்டி மோந்து பாருங்கள். கற்பூர வாசனை வந்தால் செல்லுலாய்ட். நைட்ரோசெல்லுலோஸோடு கற்பூரம் சேர்த்துத்தான் அதைச் செய்கிறார்கள். அசிட்டோன் தொட்டுப் பார்த்தால் தெரியாது, ஏபிஎஸ்ஸும் அதில் இளகும். நெருப்பு வைத்துச் சோதிக்கவே கூடாது, செல்லுலாய்ட் குப்பென்று பற்றிக்கொள்ளும்.

நீங்கள் சொல்லும் பச்சை எனக்குக் கவலை தருகிறது. நிக்கல் சில்வர் ஃபிரெட்டில் பாதிக்கு மேல் செம்புதான். செல்லுலாய்ட் சிதையத் தொடங்கினால் அதிலிருந்து வரும் நைட்ரஜன் ஆக்சைடு ஆவி, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, பக்கத்தில் இருக்கும் உலோகத்தை அரிக்கும். பழைய கிரெட்ஷ் கிட்டார்களில் பைண்டிங் பொடிந்து உதிர்வதும் இதே சிதைவுதான். அப்படி ஆகியிருந்தால் எந்தப் பசையும் பயன்படாது. பெட்டிக்குள் பூட்டியும் வைக்காதீர்கள், ஆவி உள்ளேயே தங்கினால் சிதைவு வேகமாகும். காற்றோட்டமாக ஸ்டாண்டில் வையுங்கள்.

ரிதம்பக்கம்:
கைக்கு எப்படி இருக்கும் என்று கேட்டதால் சொல்கிறேன். ஓரத்தை நன்றாக உருட்டிவிட்டால் செல்லுலாய்டுக்கும் ஏபிஎஸ்ஸுக்கும் என் விரலுக்கு வித்தியாசம் தெரிந்ததில்லை. இது நிறைய பேர் வாசித்துப் பார்க்காமலே சண்டை போடும் விஷயம். விரலுக்குத் தெரிவது இரண்டே: மூலை எவ்வளவு உருண்டிருக்கிறது, ஃபிரெட் முனை எங்கே முடிகிறது.

உங்கள் நெக்கில் ஃபிரெட் பைண்டிங்கின் உள்விளிம்பிலேயே நின்றுவிடுகிறது, மீதியை நிப் என்று சொல்லும் பிளாஸ்டிக் மேடு மூடுகிறது. பைண்டிங் 1.5 மி.மீ. தடிமன் என்றால் இரண்டு பக்கமும் அவ்வளவு உலோகம் குறைவு. மெல்லிய தந்தியை வெளிப்பக்கம் இழுத்தால் நிப்புக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவில் போய்ச் சிக்கும். ஃபிரெட்டை பைண்டிங் மேல் வரை நீட்டினால் அந்தத் தொல்லை போய்விடும். எனக்கு அதுதான் பிடிக்கும்.

மேப்பிள் பைண்டிங் தொடுவதற்கு அருமை, மறுக்க மாட்டேன். ஆனால் மேலே பாலிஷ் தேய்ந்ததும் வியர்வையும் அழுக்கும் ஏறி அந்த இடம் மட்டும் கறுத்துவிடும். நம் ஊர் வெயிலில் சீக்கிரமே.

ஆறுதந்தி:
சுரண்டிப் பார்த்தேன், சந்தேகமே இல்லாமல் கற்பூரம். விலகிய பக்கம் நகத்தால் அழுத்தினாலே பொடிகிறது, சுள்ளென்று ஒரு நெடியும் இருக்கிறது. தடித்த தந்திப் பக்கம் மஞ்சளாகி இருந்தாலும் கெட்டியாக இருக்கிறது. அசல் போலவே மறுபடி செல்லுலாய்ட் போடலாமா அண்ணா? விரிசல் ஏன் ஃபிரெட்டுக்கு நேராகவே விழுகிறது?

மரத்தூள்:
விரிசலுக்கு முதல் காரணம் மரம். ஏசியில் ஃபிரெட்போர்ட் காயும்போது அகலவாக்கில் சுருங்கும், நீளவாக்கில் அவ்வளவாகச் சுருங்காது. ஃபிரெட் உலோகம் அப்படியே இருக்கும். அதனால் ஃபிரெட்டின் அடிப்பகுதி, அதாவது மரத்துக்குள் இறங்கியிருக்கும் பகுதி, பைண்டிங்கை உள்ளிருந்து முட்டுகிறது. போதாக்குறைக்கு செல்லுலாய்டும் வருடக்கணக்கில் கற்பூரம் ஆவியாகி நீளவாக்கில் சுருங்குகிறது.

செல்லுலாய்டின் அழகை நான் மதிக்கிறேன், அந்தத் தந்தக் கோடுகள் வேறெதிலும் அப்படி வராது. ஆனால் அது எளிதில் தீப்பற்றும் சரக்கு, கூரியரில் வரவழைப்பதே தலைவலி. டேபிள் டென்னிஸ்காரர்களே 2014இல் செல்லுலாய்ட் பந்தை விட்டு வேறு பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். நீங்கள் தினமும் வாசிக்கும் கிட்டாருக்கு ஏபிஎஸ் போடுங்கள். சுருங்காது, சிதைந்து ஃபிரெட்டை அரிக்காது.

இதைத் தனி வேலையாகச் செய்யாமல் ரீஃப்ரெட்டோடு, அதாவது ஃபிரெட்டுகளை மாற்றும் வேலையோடு, சேர்த்துச் செய்யுங்கள். ஃபிரெட் இருக்கும்போது பைண்டிங்கின் மேல்விளிம்பை போர்டோடு சமமாகச் சீவ முடியாது, அரித்த ஃபிரெட்டையும் எப்படியும் மாற்றத்தான் வேண்டும். புது ஃபிரெட் போடும்போது இரு முனையிலும் மரத்துக்குள் இறங்கும் அடிப்பகுதியைக் கொஞ்சம் வெட்டிவிட்டு, மேலே தெரியும் தலையை மட்டும் பைண்டிங் மேல் நீட்டச் சொல்லுங்கள். மரம் சுருங்கினாலும் முட்டாது.

உரிப்பதற்கு முன் பாலிஷும் பைண்டிங்கும் சேரும் கோட்டில் கத்தியால் கீறிவிட வேண்டும், இல்லாவிட்டால் பாலிஷ் சில்லுச் சில்லாகப் பெயரும். ஹேர் டிரையர், ஹீட் கன் எதுவும் அருகில் வரக்கூடாது. ஒட்டுவதற்கு, ஏபிஎஸ் துண்டுகளையே அசிட்டோனில் கரைத்த குழம்பு போதும், சிறு இடைவெளியையும் அது நிரப்பும். மர கோந்து பிளாஸ்டிக்கைப் பிடிக்காது. அசிட்டோன் பாலிஷில் பட்டால் கரைக்கக்கூடும், டேப் ஒட்டி மறையுங்கள். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு பிளேடால் சீவுங்கள். உப்புத்தாள் போட்டால் ரோஸ்வுட் தூள் கிரீம் நிறத்தில் ஏறி அழுக்காகிவிடும்.

ரிதம்பக்கம்:
கெட்டியாக இருக்கும் பக்கத்தை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. நல்லதை எதற்கு உரிப்பது?

மரத்தூள்:
அங்கே நான் ஒத்துப்போக மாட்டேன். இரண்டும் ஒரே வயது, ஒரே சரக்கு. ஒரு பக்கம் போனால் மறுபக்கமும் அதே வழியில்தான். புது ஃபிரெட்டை அதன் அருகில் வைப்பது எனக்கு மனசில்லை.

ஆறுதந்தி:
சரி, இரண்டு பக்கமும் ஏபிஎஸ், ஃபிரெட் மேலே நீட்டி. கட்டைவிரல் பக்கம் ஓரத்தை நன்றாக உருட்டச் சொல்கிறேன். எந்த ஃபிரெட் என்று காட்டும் பக்கவாட்டுப் புள்ளிகள் பழைய பைண்டிங்கோடு போய்விடுமே?

மரத்தூள்:
போய்விடும். உரிப்பதற்கு முன் டேப்பில் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். புதுசைச் சீவி முடித்ததும் துளையிட்டு, 2 மி.மீ. கறுப்பு பிளாஸ்டிக் கம்பியை ஒட்டிச் சமமாக வெட்டினால் போதும். பழைய பைண்டிங்கின் தடிமனை வெர்னியரில் அளந்து அதே அளவு வாங்குங்கள், நெக் அகலம் மாறினால் உங்கள் கைக்கு உடனே தெரிந்துவிடும்.