தஞ்சாவூர் ரிஷபவாகனர் சிலையை கிட்ட வச்சு பாக்கணும், வழி சொல்லுங்க

வணக்கம் மக்களே, எம்.ஏ. ப்ராஜெக்ட்டுக்காக தஞ்சாவூர் அரண்மனை கலைக்கூடத்துல இருக்குற திருவெண்காட்டு ரிஷபவாகனர் (காளை மேல சாஞ்சு நிக்கிற சிவன்) சிலையை எடுத்திருக்கேன், 1011ல ராஜராஜன் காலத்துல செஞ்சதுன்னு கோயில் கல்வெட்டே சொல்லுது, சோழர் செப்புத்திருமேனில, அதாவது வெண்கலச் சாமி சிலைகள்ல, இவ்ளோ சரியா வருஷம் தெரியுறதே அபூர்வம். காளை இப்ப இல்ல, ஆனா அது மேல கைய போட்டு சாஞ்சு நிக்கிற அந்த ஒயில் மட்டும் அப்படியே இருக்கு!! சடையை தலைப்பாகை மாதிரி சுத்தி கட்டியிருக்குறது பின்னாடி எப்படி முடியுதுன்னுதான் எனக்கு பாக்கணும், போன தடவை கூட்டத்துல முன்பக்கம் மட்டும் வரைஞ்சுட்டு வந்துட்டேன். ஆய்வுக்குன்னு தனியா ஒரு மணி நேரம் பக்கத்துல நின்னு வரைய, அளவெடுக்க விடுவாங்களா? ஹெச்ஓடி லெட்டர் போதுமா, இல்ல சென்னைக்கு எழுதணுமா? பர்மிஷன் வாங்குனவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க ப்ளீஸ், பின்பக்க போட்டோ இருந்தாலும் போதும்.