ஜெபர்சன் அனுப்பியது ‘ஆண்டு உரை’யா?

> அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜெபர்சன் ஆண்டுதோறும் காங்கிரசுக்கு (அந்நாட்டு நாடாளுமன்றத்துக்கு) அனுப்பிய ‘annual message’-ஐயும் தமிழில் ‘ஆண்டு உரை’ என்றே எழுதிவிடலாமே?

வேண்டாம் ஐயா, அவர் உரையாற்றவே இல்லை. முதல் குடியரசுத் தலைவர் வாஷிங்டன் 1790 ஜனவரி 8 அன்று நியூயார்க்கில் இரு அவைகள் முன் நின்று பேசினார், அடுத்து வந்த ஆடம்சும் அப்படியே. அதுவரை ‘உரை’ சரி. 1801 டிசம்பர் 8 அன்று ஜெபர்சன் எழுத்தாகக் கொடுத்தனுப்பினார். கொண்டுபோனவர் அவருடைய செயலர் மெரிவெதர் லூயிஸ். அவையில் எழுத்தர் படித்தார். 1913-இல் குடியரசுத் தலைவர் வில்சன் நேரில் போகும்வரை இதுதான் வழக்கம்.

காரணம் பெரும்பாலும் அரசியல். பழைய முறை, லண்டனில் மன்னர் அரியணையிலிருந்து ஆற்றும் உரையின் நகல் என்பது ஜெபர்சன் அணியின் குறை. உரை முடிந்ததும் அவைகள் பதிலுரை வரைந்து, குடியரசுத் தலைவர் வீட்டுக்கே ஊர்வலமாகப் போய்க் கொடுக்க வேண்டும். 1797-இல் ஆடம்சுக்கான பதிலுரை வாசகத்தை வைத்தே கீழவை நாள்கணக்கில் மல்லுக்கட்டியது. பிரான்சிடம் எவ்வளவு கறாராகப் பேசலாம் என்பது தகராறு. எழுத்தாக வந்தால் உடனடிப் பதில் தேவையில்லை. அவைத்தலைவர்களுக்கான இணைப்புக் கடிதத்தில் ஜெபர்சன் சொன்னதும் இதையும் நேரச் சிக்கனத்தையும்தான். மன்னர் வாடையைப் பற்றி மூச்சே விடவில்லை. (மேடைப் பேச்சு அவருக்கு வராது என்பது தனி.)

> ‘ஆண்டுத் திருமுகம்’? கல்வெட்டுச் சொல்.

திருமுகம் மன்னன் விடுப்பது. அவர் எதை உதறினாரோ அதையே திரும்பச் சூட்டுவதாகும். ‘ஆண்டறிக்கை’யைத் துறைகள் எடுத்துக்கொண்டன, தவிர, இதில் நிலவரத்தோடு சட்டப் பரிந்துரையும் உண்டு. ‘செய்தி’ என்றால் நாளிதழ் நினைவு வரும்.

‘ஆண்டு மடல்’ என்பது என் பரிந்துரை. ‘மடல் வரைவு’, ‘சிறப்பு மடல்’ என்று கூட்டுச்சொல்லுக்கும் வளையும். வரைவுக்குத் தனிச்சொல் அவசியம்: 1801 வரைவில் அரசத்துரோகச் சட்டம் (அரசைத் தாக்கி எழுதுவதைக் குற்றமாக்கிய Sedition Act) செல்லாது என்றொரு பத்தி இருந்தது, அனுப்புமுன் நீக்கிவிட்டார். அச்சான மடலை மட்டும் பார்ப்பவருக்கு அது தெரியாது.

> சரி. 1832-இல் குடியரசுத் தலைவர் ஜாக்சன் தேசிய வங்கியின் உரிமத்தை நீட்டிக்கும் மசோதாவைத் திருப்பியனுப்பியதற்கு ‘எதிர்ப்பு மடல்’ போதுமா?

குழம்பும் அம்மா. அது ‘மறுப்பு மடல்’ ஆகட்டும். மசோதாவைத் தடுத்துக் காரணம் சொல்வது. அவைக் குறிப்பேட்டில் பதிய வேண்டும் என்று அரசமைப்பே கட்டாயப்படுத்துகிறது. ‘எதிர்ப்பு மடல்’ 1834-க்கு வேண்டும். செனட் (மேலவை) தம்மைக் கண்டித்ததற்கு ஜாக்சன் அனுப்பியது அது. அதற்கு அந்தக் கட்டாயம் கிடையாது. செனட் பதியவும் மறுத்தது.