புதுப்பிப்பு: ஃபோம் மார்புக்கவசத்துக்குப் பழைய இரும்பின் தோற்றம்

10 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஈவிஏ ஃபோமை (வளையக்கூடிய, மெத்தென்ற பிளாஸ்டிக் நுரைத் தாளை) வெட்டி ஒட்டி மார்புக்கவசம் செய்த விவரத்தை முன்பு இதே இழையில் எழுதியபோது, உடல் அசைந்தால் வண்ணம் வெடிக்காதா, பொம்மை போலத் தெரியாதா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். இப்போது வண்ண வேலை முடிந்துவிட்டது.

வெடிப்பைத் தடுப்பது வண்ணமன்று, அதன் அடியிலுள்ள பூச்சுதான். முதலில் ஹீட் கன்னை (சூடான காற்றை ஊதும் கருவியை) மேற்பரப்பின் மீது சீராக நகர்த்தினேன். நுண்துளைகள் மூடிக்கொள்ளும்போது மங்கிய ஃபோமில் லேசான மினுமினுப்பு ஓடும், அதுவே அடுத்த இடத்துக்கு நகர வேண்டிய அடையாளம். வாள்வெட்டுத் தழும்புகளையும் பூச்சுக்கு முன்பே போட்டுவிட வேண்டும்: கத்தியால் ஆழமின்றிக் கீறிச் சூடு காட்டினால், கீறல் தானாகவே வாய்பிளந்து கொள்கிறது. பிறகு, வளைந்து கொடுக்கும் ரப்பர் பூச்சான பிளாஸ்டி டிப்பை மொட்டை மாடியில் வைத்து மெல்லிய அடுக்குகளாக அடித்தேன். அந்த ஆவியை வீட்டுக்குள் சுவாசிப்பது நல்லதன்று.

கருஞ்சாம்பல் வண்ணம் காய்ந்ததும், நீர்த்த கறுப்பு அக்ரிலிக்கைப் பூசி ஈரத்தோடு துணியால் துடைக்க, அது குழிகளிலும் இணைப்புகளிலும் மட்டும் தங்கியது. வெள்ளி வண்ணத்தைத் தூரிகையில் தொட்டு, ஏறக்குறைய முழுவதையும் காகிதத்தில் துடைத்துவிட்டு, விளிம்புகளில் மட்டும் உரசினேன். இரும்பு தேய்ந்து பளிச்சிடுவது அங்கேதான். துருநிறத்தை எங்கும் தெளிப்பது என் கண்ணுக்கு நாடகத்தனமாகப் படுவதால், நீர் தங்கக்கூடிய ஆணித்தலைகளின் கீழே மட்டும் வைத்தேன். அடுத்து செய்யப்போகும் தோள்கவசத்துக்கு 5 மில்லிமீட்டர் ஃபோம் எடுத்து வைத்திருக்கிறேன்.