இருவிழிப் போட்டியா, முறைப்பார்வையா, இழுபறியா?

கோவையிலிருந்து:

வணக்கமுங்க. வலக்கண்ணுக்குக் கிடைக்கோடுகளும் இடக்கண்ணுக்குச் செங்குத்துக் கோடுகளும் ஒரே நேரத்தில் காட்டினால், மூளை இரண்டையும் சேர்த்துக் கட்டம் போட்ட துணியாக நெய்து தருவதில்லை. சில நொடி கிடைக்கோடு மட்டும் தெரியும். அது கரைந்து செங்குத்துக் கோடு வரும். திரும்பவும் கிடைக்கோடு. ஆங்கிலேய இயற்பியலாளர் வீட்ஸ்டன் 1838இல் கண்ணாடிகள் பொருத்திய தம் கருவியில் கண்ணுக்கு ஓர் எழுத்தாகக் காட்டி இதைப் பதிவு செய்தார். எந்த எழுத்து தெரிய வேண்டும் என்பது பார்ப்பவர் விருப்பத்துக்குக் கட்டுப்படுவதில்லை என்பதையும் அப்போதே கவனித்தார்.

ஆங்கிலத்தில் binocular rivalry எனப்படும் இதைத் தமிழில் "இருவிழிப் போட்டி" என்று எழுதி வருகிறோம். எனக்கு அதில் நிறைவில்லை. போட்டி என்றால் கடைசியில் ஒருவர் ஜெயிக்க வேண்டும். இங்கே ஜெயித்தவர் மறுநொடியே இறங்கிவிடுகிறார். "மாறுபார்வை" என்று வைக்கவும் வழியில்லை, மாறுகண்ணோடு குழம்பும். கீழ்பவானி வாய்க்காலில் மதகுகளை ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று பிரித்து முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்களே, அதுபோல மூளையும் இரு கண்ணுக்கும் முறை வைக்கிறது. "முறைப்பார்வை" என்று சொல்லலாமுங்களா?

ஈரோட்டிலிருந்து:

சொல் அழகாக இருக்குதுங்க. ஆனால் "முறைப்பார்வை" என்று படித்ததும் யாரோ முறைத்துப் பார்ப்பதுதான் மனசுக்கு வரும். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. முறைத்தண்ணிக்கு நாள் கணக்கு, மணிக் கணக்கு இருக்கிறது. இதற்கு இல்லை. ஒரு படம் ஒன்றரை நொடி நிற்கும், அடுத்தது நான்கு நொடி, பிறகு இரண்டு. முந்தையது எவ்வளவு நின்றது என்பதை வைத்து அடுத்ததைச் சொல்ல முடியாது. "ஊசல்" என்ற சொல்லும் இதனாலேயே பொருந்தாமல் போகிறது.

இன்று பெரிதும் ஏற்கப்படும் விளக்கம் இதுதான்: இரு படங்களையும் ஏந்தும் நரம்பணுக் கூட்டங்கள் ஒன்றையொன்று அடக்குகின்றன. மேலோங்கிய கூட்டம் வேலை செய்யச் செய்யச் சோர்ந்து பிடி தளர்கிறது. நரம்புகளின் தற்செயலான ஏற்ற இறக்கமும் சேர்ந்துகொள்ள, எதிர்க்கூட்டம் மேலே வந்துவிடுகிறது. உளவியலாளர் லெவெல்ட் 1965இல் சொன்ன விதியையும் பாருங்கள். வலக்கண் படத்தின் கறுப்பு வெள்ளை வேறுபாட்டைக் கூட்டினால், அந்தப் படம் நிற்கும் நேரம் அவ்வளவாகக் கூடுவதில்லை. இடக்கண் படம் நிற்கும் நேரம்தான் சுருங்குகிறது. இந்தப் பக்கம் கை வலுத்தால் அந்தப் பக்கம் தாக்குப்பிடிக்கும் நேரம் குறைகிறது. ஆகவே "இருவிழி இழுபறி" என்பது என் முன்மொழிவு. முடிவில்லாமை, கெடுவில்லாமை, சோர்வு மூன்றையும் அந்த ஒரு சொல் தாங்கும்.

வகுப்பில் காட்ட, வெள்ளைத்தாளில் 4 செ.மீ. சதுரத்துக்குள் சிவப்பில் செங்குத்துக் கோடுகளும் பச்சையில் கிடைக்கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்றாக அச்சிடுங்கள். கோடு 2 மி.மீ., இடைவெளி 2 மி.மீ. சிவப்பு பச்சைக் கண்ணாடி மாட்டி அரை மீட்டர் தள்ளிப் பார்க்க வேண்டும். சிவப்புக் கண்ணாடித்தாள் உள்ள கண்ணுக்குச் சிவப்புக் கோடு வெள்ளையோடு கலந்து மறைந்துவிடும், பச்சைக் கோடு கறுப்பாக நிற்கும். மற்றக் கண்ணுக்கு நேர்மாறு. முதலில் ஒவ்வொரு கண்ணாக மூடிச் சரிபாருங்கள். ஒரே கண்ணில் இரு கோடும் தெரிந்தால் நிறம் கசிகிறது; கட்டம் கட்டமாகவே நிற்கும், இழுபறி வராது. பெரும்பாலும் பச்சை மைதான் அடர்ந்திருக்கும், அதை வெளிறலாக்கி மறுபடி அச்சிட வேண்டும். படம் தோன்றிய முதல் இமைப்பொழுதில் கட்டமாகத் தெரிவது பிழையல்ல. மிகக் குறுகிய நேரம் மட்டும் காட்டினால் இரண்டும் சேர்ந்தேதான் தெரியும்.

திருப்பூரிலிருந்து:

கண் பரிசோதனை அறையில் நிற்பவளாகச் சொல்கிறேனுங்க: எந்தச் சொல்லை வைத்தாலும் அது "அமுக்க"த்தோடு, அதாவது மூளை ஒரு கண்ணின் காட்சியை ஒதுக்கிவிடுவதோடு (suppression), கலக்கக் கூடாது. இரு கண்ணும் சேர்ந்து பார்க்கின்றனவா என்று அறியும் வொர்த் நான்கு புள்ளிச் சோதனையில் மேலே ஒரு சிவப்பு, பக்கங்களில் இரண்டு பச்சை, கீழே ஒரு வெள்ளை. வலக்கண்ணில் சிவப்பு, இடக்கண்ணில் பச்சைக் கண்ணாடி. நான்கு தெரிந்தால் இணைவு (இரு கண் காட்சியும் ஒன்றாகச் சேர்கிறது), ஐந்து தெரிந்தால் இரட்டைக் காட்சி. இரண்டு சிவப்பு மட்டும் என்றால் இடக்கண் அமுங்கியிருக்கிறது, மூன்று பச்சை மட்டும் என்றால் வலக்கண். மாறுகண் உள்ள சில குழந்தைகள் "இப்ப ரெண்டு, இப்ப மூணு" என்று மாற்றிச் சொல்வார்கள். அது இழுபறி அல்ல. இரட்டையாகத் தெரியாமலிருக்க மூளை ஒரு நேரம் ஒரு கண்ணையும் மறுநேரம் மறு கண்ணையும் ஒதுக்குகிறது. "முறை" என்ற சொல் இங்கேதான் பொருந்தும்: முறை அமுக்கம்.

இழுபறியும் இதே சோதனையில் உண்டு. நான்கையும் பார்க்கும் நல்ல கண்காரருக்குக் கீழே உள்ள வெள்ளைப் புள்ளி சிவப்பாகவும் பச்சையாகவும் மாறிமாறித் தெரியும். ஒரு கண்ணுக்குச் சிவப்பு, ஒரு கண்ணுக்குப் பச்சை, இடம் ஒன்றே. அந்த ஒரு புள்ளிதான் இழுபறி. இரண்டுக்கும் ஒரே சொல்லை எழுதினால் நல்ல பார்வையைக் குறையென்று குறித்துவிடுவோம்.

இன்னொன்று: 33 செ.மீ. தூரத்தில் நான்கு சொல்லும் குழந்தை 6 மீட்டரில் மூன்று மட்டும் சொல்லலாம். தூரத்தில் புள்ளிகள் விழித்திரையின் நடுவே சிறு இடத்துக்குள் விழுகின்றன, அங்குள்ள அமுக்கத் திட்டு, அதாவது மூளை ஒதுக்கிவிடும் சிறு பகுதி, அவற்றை விழுங்கிவிடுகிறது. பக்கத்தில் மட்டும் சோதித்து "இணைவு" என்று எழுதிவிடாதீர்கள்.

"அமுக்கம்" நம் பக்கத்துப் பேச்சிலேயே கிடைத்த நல்ல சொல். அமுக்கமான ஆள் என்றால் வெளியே காட்டாமல் எல்லாம் உள்ளே வைத்திருப்பவர். அதுபோல, இழுபறியில் கண்ணுக்குத் தெரியாமல் போன கோடுகளும் உள்ளே இருந்து மூளையைத் தொடர்ந்து பழக்கப்படுத்துகின்றன என்பது சோதித்தறிந்த செய்தி.

கோவையிலிருந்து:

"முறைப்பார்வை"யை விட்டுவிடுகிறேனுங்க. ஒன்று பாக்கி. 4 செ.மீ. சதுரத்தில் முழுப்படமும் ஒரே வீச்சில் மாறுவதில்லை. ஒரு மூலையில் கிடைக்கோடு, மறுமூலையில் செங்குத்து என்று கந்தல் கந்தலாக நகர்கிறது. அட்டையில் 1 செ.மீ. வட்டம் வெட்டிப் படத்தின்மேல் வைத்து இரு கண்ணும் அதன் வழியே பார்த்தால் பெரும்பாலும் முழுதாக மாறுகிறது. அந்தக் கந்தல் நிலையைத் "திட்டு இழுபறி" என்று குறிக்கலாம் என்றிருந்தேன். ஆனால் திருப்பூர் அம்மணி அமுக்கத் திட்டு என்று எழுதியிருக்கிறார். அங்கே திட்டு விழித்திரையில் நிலையான இடம், இங்கே நகர்வது. "துண்டு இழுபறி" தேவலையா?