ஆயுதம் வாங்கினால் தொழிற்சாலையும் வருமா? ஒப்செட் கணக்கை யார் பார்ப்பது?

பரந்தன்காரன்:
கன நாளாக மனதில் கிடக்கிற விசயம். ஒரு நாடு வெளியில் கப்பலோ விமானமோ ரேடாரோ வாங்கும்போது, விற்கிற கம்பனி அந்தப் பெறுமதியில் ஒரு பங்குக்கு வாங்குகிற நாட்டிலேயே பாகங்கள் வாங்க வேண்டும், முதலிட வேண்டும், இல்லாவிட்டால் தொழில்நுட்பம் தரவேண்டும் என்று நிபந்தனை போடுவார்கள். இதுதான் ஒப்செட். இந்தியா 2005இலிருந்து போடுகிறது. கொழும்பும் இதைக் கேட்டு வாங்கி, வருகிறதில் ஒரு பகுதியை வன்னிக்குத் தரட்டும் என்கிறேன். பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை 1985இல் நின்றது. அறிவியல்நகரில் ஜெர்மன்காரர் உதவியோடு கட்டிய தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்துவிட்டு வருகிற பொடியள் எங்கே போவது? கார்மெண்ட்ஸுக்கா, கட்டாருக்கா?

கணக்குப்பிள்ளை:
தம்பி, கேட்பதற்குக் காசு இல்லை என்று நினைக்கிறீர். விற்கிறவன் அந்தச் செலவையும் விலையில் ஏற்றித்தான் தருவான். அதை விடுவோம், ஏற்றிக் கொடுத்த விலைக்கு என்ன வந்தது என்று பார்ப்போம். இந்தியக் கணக்காய்வாளரின் அறிக்கை 2020 செப்டெம்பரில் பாராளுமன்றத்துக்கு வந்தது. 2005 தொடக்கம் 2018 மார்ச் வரை 66,427 கோடி ரூபாய்க்கு ஒப்செட் ஒப்பந்தங்கள். 2018 டிசெம்பருக்குள் 19,223 கோடி நிறைவேறியிருக்க வேண்டும். நிறைவேற்றிவிட்டோம் என்று கம்பனிகள் காட்டியது 11,396 கோடி. அதிலே பாதுகாப்பு அமைச்சு ஏற்றுக்கொண்டது 5,457 கோடிதான். நானே பிரித்துப் பார்த்தேன், வரவேண்டிய நூறில் 28 வந்திருக்கிறது.

அதைவிட மோசம் தொழில்நுட்பக் கதை. வெளிநாட்டுக் கம்பனி ஒன்று உயர் தொழில்நுட்பத்தை இந்தியத் தொழில்துறைக்குக் கொடுத்ததாக ஒரு சம்பவம்கூடக் காணவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். பிரான்சிடம் வாங்கிய ரஃபால் போர்விமானம் 36க்கு ஒப்செட் 50 சதவீதம். அதில் 30 சதவீதத்தை இராணுவ ஆராய்ச்சி நிறுவனத்துக்கு உயர் தொழில்நுட்பமாகத் தருகிறோம் என்று விற்கிறவர்கள் 2015இல் சொன்னார்கள். இந்தியா சொந்தமாகச் செய்யப் பார்த்த காவேரி என்ற விமான எஞ்சினுக்கு அந்த நிறுவனம் உதவி கேட்டது. அறிக்கை எழுதும்வரை உறுதியான பதில் வரவில்லை. பொன்னி நதிக்கே இந்த நிலை என்றால் எங்கள் வன்னிக் கனகராயன் ஆற்றுக்கு என்ன வரும்?

பரந்தன்காரன்:
அண்ணை, கிண்டல் நல்லாய் இருக்கு. ஆனால் நீங்கள் தந்த எண்களே என் பக்கம்தான் நிற்கின்றன. நிபந்தனை இல்லையென்றால் 28 அல்ல, பூச்சியம். கம்பனி காட்டியதில் பாதிக்கு மேல் அமைச்சு ஏற்கவில்லை என்றால், பார்க்க ஆள் இருந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? ஒருவரும் பார்க்காத இடத்தில் நூற்றுக்கு நூறு நடந்ததாகத்தான் தாள் சொல்லும்.

கணக்குப்பிள்ளை:
அந்தக் கடைசி வரி சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஏற்றுக்கொண்ட 5,457 கோடியும் எதை அளந்தது? பெரும்பாலும் கொள்வனவுச் சிட்டைகளை. முதலே வாங்கிக்கொண்டிருந்த பாகத்தை இப்போது ஒப்செட் என்று பெயர் மாற்றி எழுதினால், சிட்டை உண்மைச் சிட்டைதான், புதிதாக ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் பெருக்கற் காரணி என்று ஒன்று. இந்தியாவின் 2012 விதிப்படி, சிறு தொழிலிடம் வாங்கினால் ஒரு ரூபாயை ஒன்றரை ரூபாயாக எழுதலாம், ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் தொழில்நுட்பம் தந்தால் மூன்று மடங்கு வரை. நோக்கம் நல்லது. ஆனால் மூன்று என்று தாளில் இருப்பதில் கையில் வந்தது ஒன்று. தென்னாபிரிக்கா 1999இல் ஏறத்தாழ 30 பில்லியன் ராண்டுக்கு ஆயுதம் வாங்கியபோது 65,000 வேலை வரும் என்று சனத்துக்குச் சொன்னார்கள். அந்த வேலைகளை இன்றைக்கும் தேடுகிறார்கள்.

நெடுங்கேணி அக்கா:
இரண்டு பேரும் இந்தியா, ஆபிரிக்கா என்று நிற்கிறீர்கள், நான் ஊரிலிருந்து சொல்கிறேன். சண்டை முடிந்த பிறகு ஒரு வீட்டுத்திட்டத்தில் கள உத்தியோகத்தராக வேலை செய்தேன். காசு தவணை தவணையாக வரும், அத்திவாரம் முடிந்தால் ஒன்று, சுவர் எழும்பினால் ஒன்று, கூரைக்கு ஒன்று. படம் எடுத்து, படிவம் நிரப்பி, கையெழுத்து வைத்து அனுப்பினால்தான் அடுத்தது. ஒரே அத்திவாரத்தை வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் படம் பிடித்து இரண்டு வீடாக அனுப்பிய கோப்பு என் கையிலேயே வந்தது. பின்னால் நின்ற வேப்பமரத்தை வைத்துத்தான் பிடித்தேன். அலுவலகத்தில் இருந்து பார்த்திருந்தால் இரண்டுக்கும் காசு போயிருக்கும்.

அதே திட்டத்தில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. சுவர் லின்டல் மட்டம், அதாவது கதவு யன்னலின் மேல்மட்டம், வராமல் தவணை இல்லை என்றதும், கணவன் இல்லாத ஒரு பிள்ளை சங்கிலியை அடகு வைத்து மண்ணும் சீமெந்தும் எடுத்தது. கண்காணிப்பை இறுக்கினால் அதன் செலவு பலம் குறைந்தவர் தலையில்தான் விழும். பெரிய கம்பனிக்கு ஒப்செட் நிபந்தனையை இறுக்கினால், அது கீழே எங்கள் லேத் கடைக்காரனிடம் ஆயிரம் சான்றிதழ் கேட்கும். அவன் தராவிட்டால் கம்பனி தண்டம் கட்டிவிட்டுப் போகும். இந்திய விதியில் தண்டம் வருடத்துக்கு, செய்யாமல் விட்டதில் 5 சதவீதம். அதையும் விலையில் முதலே சேர்த்திருப்பான்.

ஸ்காபரோவிலிருந்து:
இங்கே கனடாவில் 2014 விதிப்படி ஒப்பந்தப் பெறுமதிக்குச் சமமான அளவுக்கு நாட்டுக்குள் வேலை காட்ட வேண்டும். பார்க்கிற முறைதான் முக்கியம். மொத்தச் சிட்டையை எண்ணுவதில்லை, அதில் கனடாவில் உண்டான பங்கை மட்டும் எண்ணுவார்கள். இந்தக் கொள்வனவால்தான் அந்த வேலை வந்தது என்றும், முன்பு நடந்ததைவிடக் கூடுதல் என்றும் கம்பனி காட்ட வேண்டும். கணக்குப்பிள்ளை அண்ணை சொன்ன பெயர் மாற்றும் வேலைக்கு அதுதான் மருந்து. முழு மருந்து என்று சொல்லமாட்டேன், கூடுதல் என்பதை நிரூபிப்பதும் கம்பனியின் தாள்தானே.

பரந்தன்காரன்:
அப்போ இதையே கேட்போம். கையெழுத்து வைக்கும் முதலே, இப்போது எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், எவ்வளவு வாங்கப்படுகிறது என்று ஒரு அடிக்கணக்கு எடுக்கட்டும். ஒப்செட் இல்லாமல் என்ன விலை, சேர்த்தால் என்ன விலை என்று இரண்டு விலையும் எழுதி வாங்கட்டும். 2018இல் தேசிய கணக்காய்வுச் சட்டம் வந்திருக்கிறதே, கணக்காய்வாளர் நாயகம் பார்க்கட்டும்.

கணக்குப்பிள்ளை:
இரண்டு விலை என்பது நல்ல யோசனை. ஆனால் பாதுகாப்பு இரகசியம் என்று அதைத்தான் முதலில் மூடுவார்கள். இந்தியாவே 2020இல் அரசுக்கு அரசு செய்கிற கொள்வனவுகளில் ஒப்செட்டைக் கைவிட்டது, விலை ஏறுவது ஒரு காரணம். எங்கள் அளவு நாட்டுக்குக் கடன் அடிப்படையில் ஒரு பழைய கப்பல் வரும்போது பேரம் பேச என்ன கிடக்கு?

நெடுங்கேணி அக்கா:
கண்ணிவெடி அகற்றினவர்களைப் பாருங்கள். தோண்டிய சதுர மீற்றரை ஒரு குழு எழுதும், பிறகு வேறொரு குழு வந்து அங்கங்கே எடுத்துப் பார்க்கும். இரண்டும் முடிந்து காணியைக் கையளித்த பிறகும் எங்கள் சனம் உடனே போகவில்லை, முதலில் யாருடைய மாடு போகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒப்செட்டுக்கும் அந்த மாட்டுக் கணக்குத்தான் வேண்டும். ஐந்து வருடம் கழித்து, அந்தக் கம்பனி போன பிறகு, லேத் ஓடுகிறதா?

இன்னொன்று தம்பி. இராணுவத்துக்குப் பாகம் செய்கிற தொழிற்சாலையை வன்னியில் வைக்க வேண்டும் என்று எழுதும்போது, அந்தப் பாகம் யாருக்கு என்று ஒருதரம் யோசித்தீரா?

பரந்தன்காரன்:
யோசித்தேன் அக்கா. பாகத்தை அல்ல, பொடியளை. ஆனால் சொன்னது குத்துது. ஒப்செட்டை ஆயுதத்தோடு ஒட்டாத வேலையாகவும் கேட்கலாம், மீன் பதனிடுவது, படகு எஞ்சின் திருத்துவது மாதிரி. அந்தச் சங்கிலியைப் பிறகு மீட்டதா அந்தப் பிள்ளை?

நெடுங்கேணி அக்கா:
மீட்டது, நாலு வருடத்துக்குப் பிறகு. வட்டி எவ்வளவு என்று எங்கள் படிவத்தில் கேள்வியே இருக்கவில்லை.